றேமண்ட் மாஸ்டர் அழித்த கணக்கு

கரும்பலகையில் இருந்த பிழையைத் தன் கோட்டுக் கையாலேயே துடைத்து முடித்த பிறகுதான், அது மஷூர் வேண்டுமென்றே வைத்த பொறி என்பது றேமண்ட் மாஸ்டருக்கு உறைத்தது.

மஷூர் பயிற்சிக் கல்லூரிப் பொடியன். கணக்குப் படிப்பித்துப் பழக கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். கூட்டக் கூட்ட எப்படிக் குறைந்தது என்று மாணவர்களே கேட்க வேண்டும் என்பது திட்டம். இரண்டு கைகள் உயர்ந்தும் விட்டன. அதற்குள் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்து பாய்ந்துவிட்டார்.

மேற்பார்வை ஆசிரியரின் வேலை வாயை மூடிக்கொண்டு குந்தியிருப்பது. அதில்தான் அவர் பெயில்.

புள்ளி போட வந்திருந்த பரிசோதகர் பேனையை மூடினார்.

"வெள்ளிக்கிழமை திரும்பப் பாப்பம், மஷூர். வேற பள்ளிக்கூடம் வேணுமெண்டாலும் சொல்லும், மாத்தித் தரலாம்."

மனைவி பேர்ணடெற் இறந்த பிறகு மாஸ்டர் வீட்டில் கேள்வி கேட்டால் சுவர்தான் இருக்கிறது. வகுப்பில்தான் நாற்பது வாய்கள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வகுப்பையும் பயிற்சிக்காரனுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்தது பள்ளி விட்டபின் அவனோடு கதைக்கும் கதை மட்டும்.

"டோரின் டீச்சர், நான் மற்ற ஆக்களுக்குத் தொந்தரவோ, பெரிய கரைச்சல்காரனோ?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்.

"சும்மா போங்க மாஸ்டர்! நீங்க இல்லாட்டி எங்களுக்குப் பொழுது போகுமா?"

தலைமையாசிரியரிடம் கேட்டார். அவர் முதுகில் தட்டிச் சிரித்தார். கேள்வி கேட்டே பிழைக்கும் மனுஷனுக்கு ஒரு விடை கிடைக்கவில்லை.

பின்னேரம் மாஸ்டரும் மஷூரும் டிராம் பாதையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். உலகச் சண்டைக் காலம், சீனி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கன்னக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு மாஸ்டர் சோக்குத் தூள் படிந்த கோட்டுக் கையை நீட்டினார்.

"பாரும், வெள்ளைக்காரன்ட பவுடர் மாதிரி. மாப்பிள்ளைக் கோலம்!"

மஷூர் மாஸ்டரின் கோப்பையை அவர் பக்கம் தள்ளினான். மாஸ்டர் விடவில்லை.

"பரிசோதகர் என்னைப் பிடிச்சுக்கொண்டு போவாரெண்டு நினைச்சன். லொக்கப்பிலயும் கணக்குச் சொல்லிக் குடுக்கலாம்தானே?"

"சேர், தேத்தண்ணி ஆறுது."

டிராம் ஒன்று மணியடித்தபடி போனது. மாஸ்டர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கருப்பட்டி கரைந்து, பகிடிப் பேச்சும் தீர்ந்துபோயிருந்தது.

"மஷூர், நீர் போப்போறீரா?"

"ஓம் சேர். தெஹிவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிருக்கன்."

"என்னில கோவமா?"

"கோவமில்ல சேர். நான் கேள்வி கேட்டா பொடியன்மார் திரும்பி ஒங்கட முகத்ததான் பாக்கிறானுகள். நீங்களும் அவனுகளப் பாத்துத் தலையாட்டுறீங்க. ஒங்களுக்கு அந்த வகுப்பு வேணும். எனக்கும் ஒண்டு வேணும். ஒரு வகுப்பு ரெண்டு பேருக்குக் காணாது, சேர்."