பொடியில் வந்த ரத்தம்

இரண்டாம் உலகச் சண்டை முடியப்போகிற வருஷம். தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நயினாருக்கு ஒரு நண்பகலில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டதும் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கற்கண்டை அள்ளிக் கொடுத்துவிட்டு அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே அவன் மனைவி செல்லத்தாய் உதடு வெளுத்துக் கிடந்தாள். பிரசவத்துக்குப் பிறகு ஏராளமாக ரத்தம் போயிருந்தது.

டாக்டர் தேவமணி எப்படியோ ரத்தப்போக்கை நிறுத்திவிட்டாள். ஆனால் நாடி விரலுக்குச் சிக்கவில்லை. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டிருந்த ராணுவக் கப்பலின் டாக்டர் கொடுத்துவிட்டுப் போன இரண்டு தகர டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஒன்றில் தண்ணீர்ப் புட்டி. மற்றதில் வைக்கோல் நிறப் பொடி அடைத்த இன்னொரு புட்டி.

"இது என்னது டாக்டரம்மா?"

"மனுசரோட ரத்தம், அண்ணாச்சி. சிவப்பணுவைப் பிரிச்சுட்டு, மிச்ச நீரை உறைய வச்சு, காத்தில்லாத பாத்திரத்துல காய வச்சது."

"கருவாடு மாதிரியா?"

நர்ஸ் பேபிக்குச் சிரிப்பு பீறிட்டது. டாக்டரும் அடக்கமுடியாமல் சிரித்தாள். "அப்படித்தான்னு வச்சுக்கோங்க."

"சிவப்பையும் சேத்துக் காய வச்சா என்ன?"

"தண்ணி ஊத்துனதும் அணு பூரா உடைஞ்சு போயிருதே! அதுக்கு இன்னும் யாருக்கும் வழி தெரியல."

பேசிக்கொண்டே தண்ணீரைப் பொடியில் இறக்கிப் புட்டியை மெல்ல உருட்டினாள். பொடி கரைந்தது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அது செல்லத்தாயின் கைக்குள் இறங்கியது. நயினார் மூச்சுவிடவும் பயந்து நின்றான்.

புட்டி காலியாகும்போது அவள் கண் திறந்தது.

"கடையில யாரு இருக்கா?"

நயினார் துள்ளிக் குதித்தான். காலிப் புட்டிக்கு முத்தம் கொடுத்தான். வாசல் காவலாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"இருங்க, இனி சிவப்பு ரத்தமும் வேணும். பொடி உசுரைப் பிடிச்சுத்தான் வச்சிருக்கு" என்றாள் டாக்டர்.

பீங்கான் தட்டில் சோதித்தபோது நயினாரின் ரத்தம் செல்லத்தாயின் ரத்தத்தோடு சேரவில்லை. அவன் முகம் தொங்கியது. கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குப் பாருங்க."

அவன் தங்கச்சி முத்துக்கனி. பக்கத்து வீடுதான். காணாமல் போன தன் சேவலை மதினிதான் குழம்பு வைத்துவிட்டாள் என்று ஏசி, அன்றிலிருந்து செல்லத்தாயோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அவள் ரத்தம் சேர்ந்தது.

பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கொடுத்துவிட்டு, பேபி தந்த சர்க்கரைத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். தலை லேசாகக் கிறுகிறுத்தது. அந்த மயக்கத்தில் நாக்குக் கட்டவிழ்ந்துவிட்டது.

"மதினி, இனி நான் உங்கள ஏசுனா என்னையவே ஏசுன மாதிரில்லா? அப்ப நான் யாரைப் போயி ஏச?"

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "ஏளா, சிரிக்க வைக்காத, வயிறு வலிக்கி!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். முத்துக்கனியும் சிரித்தாள். நயினாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

"இது ஆஸ்பத்திரி!" என்று அதட்ட வந்த டாக்டர் தேவமணி, பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"பிள்ளையத் தூக்கு முத்துக்கனி" என்றாள் செல்லத்தாய். "அத்தைகிட்டதான் மொதல்ல போகட்டும்."