ஸ்கேன் கற்றுக்கொள்ள யார் பணம்?

ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியபோது பெரிய டாக்டர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை என்று உதவி டாக்டரான நான் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. வார இறுதிப் பயிற்சி ஒன்று இருந்தது. இன்று மாலைக்குள் பணம் கட்டினால்தான் இடம். அதை யார் கட்டுவது என்று காலையிலிருந்து எங்களுக்குள் இழுபறி.

“படிப்பு உன் மண்டையிலதானம்மா ஏறும்? அப்ப நீதான் கட்டணும்” என்றார் பெரிய டாக்டர்.

எனக்கு முன்னால் இருந்தவர் இவர் செலவில் பல் வைத்தியம் கற்றுக்கொண்டு அடுத்த தெருவிலேயே கடை விரித்துவிட்டார். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

“சரி டாக்டர், நானே கட்டுறேன். கத்துக்கிட்டதை எனக்குப் பிடிச்ச இடத்துல காட்டிக்கிறேன்” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. என் சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும் என்று எனக்குத்தான் தெரியும். இடம் கைநழுவிவிடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். வரவேற்பு மேசையில் கல்லாவைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தையல்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சினையா என்று பார்க்க வேண்டுமாம். பெரிய டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். நாயை மல்லாத்தி, ஜெல் தடவி, கருவியை அடிவயிற்றில் வைத்தார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம்.

“பாத்தியா, குட்டிப் பை! இதுக்குப் போயி பயிற்சியாம்” என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

நாய் மூத்திரம் போய்விட்டது, அவர் சட்டை முழுக்க. திரையில் அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போனது.

“குட்டி எங்க டாக்டர்?” தையல்காரர் பதறினார்.

“அவர் சட்டையில” என்றார் அக்கா.

முதலில் சிரித்தது பெரிய டாக்டர்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

“கத்துக்கிட்டு நீயும் போயிடுவியாம்மா?”

“இப்ப போற எண்ணம் இல்ல டாக்டர். பின்னாடி எப்படியோ, தெரியல.”

நாயின் காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு போனை எடுத்துப் பயிற்சிக்காரர்களிடம், “ரெண்டு இடம் இருக்குமா?” என்று கேட்டார். இருந்தது போலும். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“இவளுக்கு ஆஸ்பத்திரி கட்டும். எனக்கு யாரு கட்டுறது?”

அக்கா துண்டை எடுத்து வந்து, அவர் ஈரச் சட்டையைக் கொஞ்சம் பலமாகவே துடைக்க ஆரம்பித்தார்.