சட்டைப் பையில் ஒரு பதில்

தோட்டத்துத் தபால்காரர் வீரய்யா ஒரே நாளில் இரண்டு விமானக் கம்பனிக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதே. தேயிலை ஸ்டோரிலிருந்து, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரைக்கும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்ததில், லோரன்ஸ் உறையைக் கிழிப்பதற்கு முன்பே அவனுக்கு வேலை கிடைத்த செய்தி அத்தனை லயத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தம்பி, எந்தக் கம்பனி பிளேன் நம்ம மலைக்கு மேலால போகுதோ, அதுல சேருங்க. நாங்களும் கீழ நின்னு கை காட்டலாம்," என்றார் வீரய்யா.

கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த வாரம் லோரன்சுக்குக் கிடைத்த புத்திமதிகளில் கொஞ்சமாவது உருப்படியானது அதுதான்.

லோரன்ஸ், அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்திய சூசைரட்ணம் மாஸ்டரின் மூத்த மகன். வயது இருபத்திரண்டு. தோட்டத்துப் பிள்ளை விமானம் ஓட்டப் படித்தது எப்படி என்று கேட்பீர்கள். தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரைக்கு விமானப் பைத்தியம். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த பையனைப் பிடித்து ரத்மலானையில் பறக்கும் கழகத்தில் சேர்த்து, படிப்பு முடியும்வரைக்குமான ஏற்பாடுகளையும் செய்துவிட்டுத்தான் சீமைக்குக் கப்பலேறினார். நல்ல காரியம்தான். படித்து முடித்தவன் எந்த நாட்டுக்காரனாக வேலைக்குப் போவான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவருக்கு ஆயுளில் அப்படி யோசிக்கவேண்டி வந்ததேயில்லை.

கொழும்புக் கம்பனி சின்னது. மூன்றே மூன்று பழைய டகோட்டா விமானங்கள். யாழ்ப்பாணம், திருகோணமலை என்று போய்வரும். துணை விமானியாகவே ஐந்தாறு வருடம் உட்கார வேண்டியிருக்கும். மெட்ராஸ் கம்பனி பெரியது. திருச்சி, மதுரை, கொச்சி என்று எங்கும் ஓடியது. புது விமானங்கள் வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்தில் கப்டன் ஆகலாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரியை லோரன்ஸ் இரண்டு தடவை சத்தமாக வாசித்தான். மாஸ்டர் அதை மனதில் வைத்துக்கொண்டார். லீவு விசயத்தில் மட்டும் கொழும்பு ஒரு படி மேல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மூன்று நாள் கிடைக்கும். ரயிலேறித் தலவாக்கலையில் இறங்கினால் வீட்டுக்கு வந்த மாதிரிதான்.

இதுவரைக்கும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வரக்கூடிய குழப்பம். உண்மையான சிக்கல், இரண்டு கடிதங்களின் அடியிலும் இருந்த ஒரு வரி. கொழும்புக் கம்பனி, மாதக் கடைசிக்குள் இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் காட்டச் சொன்னது. மெட்ராஸ் கம்பனி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வரச் சொன்னது. லோரன்சிடம் இரண்டும் இல்லை. அவனிடம் என்ன, அவன் வளர்ந்த லயங்களில் முக்கால்வாசிப் பேரிடம் எதுவும் இல்லை. அது 1961ஆம் வருடம்; தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்து பதின்மூன்று வருடம்.

மாஸ்டர் ஐம்பத்தோராம் வருடமே பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். தான், மனைவி தெரேசா, அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த லோரன்ஸ், ஏழு வயது மகள் ஐவி என்று நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மனு. அன்றிலிருந்து கடிதம் வருவதும் போவதுமாகப் பத்து வருடம் ஓடிப்போயிற்று. இந்தத் தோட்டத்திலேயே பிறந்த மனுஷனிடம், நீ இங்கேதான் பிறந்தாய் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மாஸ்டர் எரிச்சல்படவில்லை. காகிதம் சேர்த்தார். ஞானஸ்நானச் சீட்டு, அம்மை குத்திய துண்டு, அரிசிக் கூப்பன் அடிக்கட்டை, மூன்று துரைமார் மாறி மாறிக் கொடுத்த நற்சான்றுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தன. "ஒரு கடுதாசியையும் எறியாதீங்க. எது எப்ப உதவும்னு நமக்குத் தெரியாது," என்பது அந்த வீட்டில் பத்துக் கட்டளைக்கு அடுத்த பதினோராவது கட்டளை.

கம்பனிக் கடிதங்கள் வந்த மூன்றாம் நாள் பிரஜாவுரிமை மனுவின் விசாரணைக்கும் அழைப்பு வந்தது. அடுத்த புதன்கிழமை, நுவரெலியாவில். தெரேசா மெழுகுதிரி கொளுத்தினாள். ஐவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட அவளும் அந்தச் சான்றிதழுக்குத்தான் காத்திருந்தாள்.

"நீ எதை எடுத்தாலும் சரி தம்பி. நான் குறுக்க நிக்கமாட்டேன்," என்று மாஸ்டர் மகனிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய், ஏற்கெனவே வெட்டிய வேலியையே மறுபடி வெட்டினார்.

லோரன்ஸ் ஐந்து நாள் யோசித்தான். மெட்ராஸ் கம்பனிக்கு அவனாகத்தான் மனுப் போட்டிருந்தான். இந்தச் சான்றிதழ் இந்த ஜென்மத்தில் வராது என்ற வெறுப்பில் போட்டது. இப்போது விசாரணையே வந்துவிட்டது. படிக்கும் காலத்தில் ஒருநாள் வாத்தியாரோடு மலைப்பக்கம் பறந்தபோது, மேகம் விலகி லயத்துத் தகரங்கள் தெரிந்ததும், பள்ளிக்கூட வாசலில் அப்பா சுண்ணாம்பு அடித்து வைத்த கல்வரிசையை அவன் கண்டுபிடித்தான். வாத்தியார் வரைபடத்தை விரித்து இது எந்த இடம் என்று தேடிக்கொண்டிருந்தார். அவனுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. உலகத்தில் மேலேயிருந்து பார்த்து அப்படிச் சொல்ல அவனுக்கு வேறு இடம் கிடையாது. கப்டன் ஆக ஆறு வருடம் ஆனால் ஆகட்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழும்புக் கம்பனிக்கு எழுதினான்: வேலையை ஏற்றுக்கொள்கிறேன், சான்றிதழ் விரைவில் வரும். உறை ஒட்டவில்லை. அடுப்படியில் இருந்த தெரேசா இரண்டு பருக்கைச் சோற்றை நசுக்கி ஒட்டிக் கொடுத்தாள்.

"எந்தக் கம்பனிக்குத் தம்பி?"

"கொழும்புக்குத்தாம்மா."

தெரேசா உறையை ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "அப்பாகிட்ட இப்ப சொல்லாத. நாளைக்கு விசாரணை முடியட்டும். முடிஞ்ச கையோட நுவரெலியாவுலயே தபால்ல போட்டுட்டு, அப்புறம் சொல்லு. சந்தோசப்படுவாரு," என்றாள். அவன் மறுநாள் போடப்போகும் சட்டையின் பையில் அவளே அதை வைத்துவிட்டாள்.

ஐவியை வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் போனார்கள். விசாரணை மாடியில் ஓர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி சிங்களவர், வயதானவர், கத்தவில்லை, கிண்டல் பண்ணவில்லை. மாஸ்டரை உட்காரச் சொல்லி ஆங்கிலத்தில் பேசினார். தகரம் திறந்தது. ஒவ்வொரு காகிதமாக அவர் எடுத்துப் பார்த்துப் பக்கத்தில் வைத்தார். பதினொரு மணிக்குள் பாதித் தகரம் காலியாயிற்று. ஒரு தடவை சிரித்துக்கூடச் சொன்னார்: "மாஸ்டர், இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்ததில்லை." மாஸ்டருக்கு முகமெல்லாம் பல்.

அப்புறம் எடுத்த ஒன்றை மட்டும் அதிகாரி கீழே வைக்கவில்லை. கையில் இருந்தது நல்ல கனமான வெள்ளைத் தாள். லோரன்ஸ் எட்டிப் பார்த்தான். மெட்ராஸ் கம்பனிக் கடிதம். மகனுக்கு எவ்வளவு பெரிய இடத்திலிருந்தெல்லாம் கடிதம் வருகிறது என்று தெரிந்தால் மரியாதை கூடும் என்று மாஸ்டர் இரண்டு கம்பனிக் கடிதங்களையும் தகரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். என்ன சொல்வது அந்த மனுஷனை? பத்து வருடமாகக் காகிதம் கூடினால் நல்லது என்றே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்.

"'தங்கள் விண்ணப்பத்தின் பேரில்' என்று எழுதியிருக்கிறது. இதற்கு மனுப் போட்டது நீங்கள்தானா?" என்று அதிகாரி லோரன்சைக் கேட்டார்.

"ஆமாம், சேர்."

"இந்தியாவில் வேலைக்கு?"

"ஆமாம். ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தக் குடும்பம் நிரந்தரமாக இங்கேதான் இருக்கும் என்று நான் எழுதவேண்டும். நீங்களே இதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபிறகு, பார்க்காத மாதிரி நான் எழுத முடியாது. நாலு பேருடைய பைலும் மேலிடத்துக்குப் போகும். எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாது. திரும்புமா என்றும் தெரியாது." பைலில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "மகனுக்கு இப்போது வயது வந்துவிட்டது. விண்ணப்பதாரர் நீங்கள் விரும்பினால், மனுவிலிருந்து மகனின் பெயரை நீக்கலாம். மற்ற மூன்று பேருக்கும் இன்றைக்கே சிபாரிசு எழுதுகிறேன்."

லோரன்சின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்துக் காட்டலாமா? நேற்று எழுதிய கடிதம். தபாலில் போட்டுத் தேதி முத்திரை குத்தப்படாதது. முத்திரை விழாத காகிதத்துக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் மதிப்பில்லை என்பதை அப்பாவின் தகரத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் அவன். காட்டினாலும் பைல் மேலிடத்துக்குத்தான் போகும். ஐவி வீட்டுக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கை கீழே வந்துவிட்டது.

மாஸ்டர் மகனைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்பா தன்னிடம் அனுமதி கேட்கிற மாதிரிப் பார்த்ததை லோரன்ஸ் அன்றைக்குத்தான் கண்டான்.

"வெட்டுங்கப்பா," என்றான்.

பள்ளிக்கூட வரவு இடாப்பில், தோட்டம் மாறிப் போன பிள்ளைகளின் பெயரை வெட்டும்போது மாஸ்டர் அடிமட்டம் வைத்துத்தான் கோடு போடுவார். அன்றைக்கும் பழக்கதோசத்தில் அடிமட்டம் கேட்டார். அதிகாரி எடுத்துக் கொடுத்தார். கோடு நேராகத்தான் விழுந்தது. பக்கத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் பேனா இரண்டு தடவை நின்றது.

தெரேசாவுக்கு அதுவரை பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோடு போடுவது விளங்கியது. "யார் பேருங்க அது?" என்று கேட்டாள். மாஸ்டர் அடிமட்டத்தை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். மாஸ்டர் பிஸ்கட் தகரத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நடந்தது என்னவென்று தெரேசாவுக்கு அரைகுறையாகச் சொல்லி முடித்தார்.

"அந்தக் கடுதாசிய நான்தான் வச்சேன். நான் ஒரு மடையன்," என்றார். பிறகு நின்று, மகனின் முகத்தைப் பார்க்காமல், எதிரே நின்ற தலவாக்கலை பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உண்மையச் சொல்லு. நீ எதை எடுக்கறதா இருந்த?"

தெரேசா மகனைப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் மிச்ச ஆயுளுக்கும் அந்தக் கோட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

"மெட்ராஸ்தாம்ப்பா. மூணு வருசத்துல கப்டன்னா யாரு விடுவா?"

"அப்படியா?"

"ஆமாப்பா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பேசாம இருந்தேன்."

மாஸ்டர் பெரிய மூச்சு ஒன்று விட்டார். தோள் இரண்டும் இறங்கின. "நான் அன்னைக்கே நெனச்சேன். நீ அந்த வரிய ரெண்டு தரம் படிச்சியே, அப்பவே நெனச்சேன்," என்றார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது. அப்போதுதான் ஈரமான சட்டைப் பையில் தபால்தலை ஒட்டிய உறையின் மூலை தெரிவதைக் கண்டார். "பதிலையும் எழுதியே வச்சிருக்கியா? குடு, தபால் கந்தோர் இந்தா இருக்கு. என் கையாலயே போட்டுட்டு வந்துர்றேன்."

அவர் கை நீட்டினார். லோரன்ஸ் அசையாமல் நின்றான். மாஸ்டருக்கு விலாசம் வாசிக்க ஒரு நொடி போதும்.

தெரேசா நடுவில் வந்து மகனின் பையிலிருந்து உறையை உருவிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சும்மா இருங்க. இது உள்ளூருக்கு ஒட்டுற ஸ்டாம்பு. வெளிநாட்டுக்குப் பத்தாது," என்றாள்.

"அட, ஆமா," என்றார் மாஸ்டர். "வெளிநாடுல்ல. மறந்தே போச்சு."

பஸ் கிளம்பப் போவதாகக் கண்டக்டர் கத்தினான். மாஸ்டர் தகரத்தோடு முதலில் ஏறி, மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இடம்பிடித்து, மகனை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். தெரேசா நடுவில் உட்கார்ந்தாள். தலவாக்கலை வரும்வரைக்கும் அவள் சேலைக்கு மேலே வைத்த கையை எடுக்கவில்லை.