பெல்ட் போட்ட அரிசி மூட்டை

வெளிநாட்டில் தலைகீழாக நின்று லைசென்ஸ் வாங்கிய வெல்டருக்கு, காரில் உடன் வர ஓர் ஆள் இல்லை. அரிசி மூட்டை ஒன்றை வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். பக்கத்திலிருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் கத்தியது. மூட்டைக்கு பெல்ட் மாட்டியதும் அடங்கியது. அன்றிலிருந்து போகவர மூட்டையோடுதான் பேச்சு. சிக்னலில் அவர் அவசரப்பட்டால் மூட்டை கண்டிக்கும் என்று கேள்வி.

பட்டறை வாசலில் காரை நிறுத்தியிருந்தபோது ஊரிலிருந்து மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"அரிசி வாங்கி மாசமாச்சு, இன்னும் ரொட்டியையே கடிக்கிறீங்களாமே?"

"கூட வர்றவனை எப்படிடி உலையில போடுறது?"

சிரித்தவள் கேட்டாள்: "நான் வந்தா எங்கங்க உட்கார்றது?"

"நீ வர்ற அன்னிக்கே பொங்கிடலாம்" என்றார் வெல்டர், மூட்டைக்குக் கேட்காதபடி.