தொண்ணூறு தப்படி தூரத்துக்கு ஒரு கேமரா

என் மனைவி ஸ்மைலின் ஈத்தாமொழி சந்திப்பில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பதினோரு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிற வேலை. இடது கைக்கடியில் எண்ணும் கருவி இருக்கும். கண்ணை எடுக்காமலே விரல் அதை அமுக்கிக்கொண்டிருக்கும். நான் டைட்டஸ். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். தேங்காய், சிமெண்ட், கல்யாண வீட்டு நாற்காலி, எது கிடைத்தாலும் ஏற்றுவேன்.

நான்கு வருடத்துக்கு முன் மணக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, புத்தளம் உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி பஞ்சரானது. நான் டயரை மாற்றி முடிப்பதற்குள் அவள் வரப்பில் நின்றுகொண்டு, "முன்னூத்திப் பன்னெண்டு," என்றாள்.

"என்னது முன்னூத்திப் பன்னெண்டு?"

"கால் நீளமா உள்ளது மட்டும். குட்டையானதை இன்னும் எண்ணல்ல."

அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போவோம். நான் வண்டியில் சாய்ந்து டீ குடிப்பேன். அவள் எண்ணுவாள். எந்தப் பறவை, எத்தனை, தண்ணீர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதுவாள். மூன்றாவது நோட்டு நிறைந்தபோது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கும் பெனின் சார் அதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மாவட்டத்தில் வருடாவருடம் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பை ஒழுங்கு செய்கிறவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடைய பழைய பைனாகுலரை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன டிசம்பர் கடைசியில் அந்த பைனாகுலரில்தான் அவள் அதைப் பார்த்தாள். கருவால் மூக்கன் கூட்டம் ஒன்று நடுப்பாத்தியில் மேய்ந்துகொண்டிருந்தது. நீண்ட அலகும் நீண்ட காலும் உள்ள பறவை. அதில் ஒன்றின் தொடைப் பகுதியில் மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் துண்டு.

பெனின் சார் போனில் விளக்கினார். வலசை போகும் பறவைகளை எங்கோ ஒரு நாட்டில் பிடித்து, காலில் அந்த மாதிரி அட்டை மாட்டி விடுவார்களாம். அதில் மூன்று எழுத்து இருக்கும். அதை வாசித்துவிட்டால் அந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். "ஆனா போட்டோ வேணும் ஸ்மைலின். கண்ணால பாத்தேன்னு எழுதினா அவங்க எடுத்துக்கிட மாட்டாங்க," என்றார்.

என் செல்போனில் எடுத்துப் பார்த்தோம். பறவையே சீரக அளவுதான் இருந்தது. எழுத்துக்கு எங்கே போக.

"ஒரு கேமரா வாங்கணும்," என்றாள்.

கையில் இருந்தது இருபத்தெட்டாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட இழுக்க முடியாது; வண்டிக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய மாதம் அது. கேமரா பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். லோடு இல்லாத நேரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்து யூடியூபில் ஒன்பது வீடியோ பார்த்தேன். முடிவும் செய்துவிட்டேன்: லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா, செகண்ட் ஹேண்டில். உண்மையைச் சொன்னால், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வரப்பில் நடந்தால் எப்படி இருக்கும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "தொண்ணூறு தப்படி தூரத்துல எழுத்து தெரியுமா?" என்றாள். ஒன்பது வீடியோவில் ஒருவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

தொண்ணூறு என்பது அவளாகவே அளந்தது. வரப்பிலிருந்து நடுப்பாத்தி வரைக்குமான தூரத்தை, ஓரத்து மண்பாதையில் நடந்து எண்ணி வைத்திருந்தாள்.

நாகர்கோவிலில் மணிமேடைக்குப் பக்கத்தில் கல்யாண போட்டோகிராபர்கள் போகிற ஒரு கடை உண்டு. முதலாளி பெயர் சுயம்புராஜ். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். புதன்கிழமை மதியம் போனோம்.

"கல்யாண வேலைக்கா, சேனல் நடத்தவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஸ்மைலின் பதில் சொன்னாள். "ஒரு பறவைக்க கால்ல உள்ள எழுத்தை வாசிக்கணும் அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

எங்கள் காசுக்குள் அடங்குவதாக மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமான புதுசு. பெட்டியில் மெகாபிக்சல் கணக்குப் பெரிதாக அச்சடித்திருந்தது. இரண்டாவது நான் ஆசைப்பட்டது. பழையது, இரண்டு லென்ஸோடு. மூன்றாவது லென்ஸ் கழற்ற முடியாத ஒரு மாடல். பிளாஸ்டிக் உடம்பு, ஆனால் ஜூமை அழுத்தினால் குழல் முன்னால் நீண்டுகொண்டே வந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருந்தது என்றார். அதன் விலை மட்டும் முப்பத்தொன்று. "பேசிக்கிடலாம்," என்றார்.

ஸ்மைலின் பைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். அதற்குள் மஞ்சள் துண்டுகள். எண்ணெய் கேனை வெட்டி, பெனின் சார் சொன்ன அளவுக்கு, சுண்டுவிரல் நகம் போலச் செய்து வைத்திருந்தாள். எனக்கே அப்போதுதான் தெரியும். கூடவே ஒரு மெல்லிய மார்க்கர் பேனா.

"நீங்க எழுதுங்க. எனக்குக் காட்டாண்டாம்," என்று என்னிடம் கொடுத்தாள்.

"நீயே எழுதினா என்ன?"

"நான் எழுதுனா எனக்குத் தெரிஞ்சிரும்லா. தெரிஞ்ச எழுத்தை மங்கலாத் தெரிஞ்சாலும் கண்ணு வாசிச்சிரும். லேப்ல இது தெனமும் நடக்கது."

டீ வாங்கக்கூடக் கடைப் பையனை அனுப்புகிற சுயம்புராஜ், அன்றைக்குக் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு தெருவில் இறங்கினார்.

கடைக்குப் பின்னால் நேராகப் போகும் ஒரு தெரு உண்டு. நான் தொண்ணூறு தப்படி நடந்து, ஒரு குச்சியில் மஞ்சள் துண்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, என்ன அண்ணே, வேண்டுதல் நேர்ச்சையா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று கேமராவுக்கும் மூன்று துண்டு மாற்றினேன். திரும்பி வந்தால் அவள் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றிலும் எழுத்து நெளிந்து கிடந்தது.

"கேமரா மேல குத்தம் இல்ல அண்ணாச்சி," என்றாள். "தார் ரோடு காயுது. காத்து நெளியுது. உப்பளத்துலயும் எட்டு மணி தாண்டினா இப்படித்தான். காலத்த ஆறரைக்குப் பாத்தாத்தான் சரியாத் தெரியும்."

நான் கிளம்பலாம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கெடுத்துவிட்டோம், சாமான் வாங்க வந்த மூன்று பேர் கடை வாசலில் காத்திருக்கிறார்கள், இனி யார் நமக்காக மெனக்கெடப் போகிறார்கள் என்று.

"நாளைக்கு ஆறரைக்குத் திறக்கேன். வாருங்க," என்றார் சுயம்புராஜ்.

மறுநாள் நாங்கள் போனபோது அவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, மூன்று கேமராவுக்கும் சார்ஜ் ஏற்றி, தயாராக நின்றார். தெருவில் பால்காரரைத் தவிர ஆள் இல்லை. நான் இந்த முறை கொஞ்சம் குறும்பு செய்தேன். முந்தின நாள் ஏதோ கைக்கு வந்ததை எழுதியிருந்தேன். இப்போது E-யையும் F-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன், B-யையும் எட்டையும் கலந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே குழம்பும்.

சின்னக் கேமராவில் மஞ்சள் மட்டும் தெரிந்தது. நான் ஆசைப்பட்ட பெரிய கேமராவில் படம் அத்தனை அழகு; குச்சியைப் பிடித்திருந்த என் விரல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது, நிறமும் மெழுகு போல் வழுவழுப்பு. ஆனால் பெரிதாக்கினால் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்தது. அவள் மூன்றில் ஒன்றைச் சொன்னாள், அது சரி. மற்ற இரண்டையும் சொல்ல மறுத்துவிட்டாள். "ஊகத்துல சொல்லலாம். அது வாசிச்ச கணக்குல வராது."

மூன்றாவது கேமராவில் ஜூமை முழுவதும் நீட்டிக் கையில் பிடித்து எடுத்தாள். எல்லாம் ஆடிப்போயிருந்தது. சுயம்புராஜே, "இதுக்க கொறை அதுதான். அம்புட்டு ஜூமுக்குக் கை நிக்காது. ஸ்டாண்டு வாங்கணும், அதுக்கு வேற ஒரு ரண்டாயிரம்," என்றார்.

அவள் தோள்பையை மறுபடியும் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு துணிப்பொட்டலம் வந்தது. பழைய சுரிதார் துணியில் தைத்து, முக்கால் பாகம் சிறுபயறு நிரப்பியிருந்தாள். அதைக் கடை மதில்மேல் வைத்து, மேலே கேமராவைப் பதித்து, ஜூமைக் கடைசியிலிருந்து ஒரு சொட்டு குறைத்து, மூச்சைப் பிடித்து அமுக்கினாள். பத்து படம். நான் தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவள் தோள் எப்படி அசையாமல் இருக்குமோ அப்படியே இருந்தது.

நான் குச்சியோடு நடந்து வந்ததும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "F, எட்டு, E."

நான் துண்டைத் திருப்பிக் காட்டினேன். F, 8, E.

சுயம்புராஜ் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முப்பது வருசமா கேமரா விக்கேன் தங்கச்சி. எல்லாரும் கையில தூக்கிப் பாப்பாங்க, எடை சரியான்னு கேப்பாங்க. ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல," என்றார். பிறகு கேமராவைத் திருப்பி, மேலே சின்ன மூடியைத் தட்டிக் காட்டினார். ஃபிளாஷ் எழும்பவில்லை. "காட்சிக்கு வச்ச எடத்துல ஆரோ ஒடச்சுப்போட்டானுவ. சொல்லாம விக்கப்படாது."

"பறவைக்கு ஃபிளாஷ் அடிச்சா அது பறந்துபோவும். எனக்கு அது வேண்டாம்," என்றாள்.

"அப்போ அந்தக் காசு உங்களுக்குக் கொறையும்," என்றார். இருபத்தேழரைக்குத் தந்தார். மீதி ஐந்நூறுக்கு ஒரு மெமரி கார்டு வாங்கினோம். பெரிய கேமராவை நான் ஒரு தடவை தோளில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவள் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகு இரண்டு வாரம் அந்தப் பறவையைக் காணவில்லை. கூட்டம் இருந்தது, மஞ்சள் இல்லை. போய்விட்டது என்றே நான் நினைத்தேன். அவள் ஒவ்வொரு மூக்கனின் ஒவ்வொரு காலையும் பார்த்து, இல்லை என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை, பிப்ரவரி கடைசி, ஆறே முக்காலுக்கு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். நான் டீயை வைத்துவிட்டு மெதுவாகக் குனிந்து போனேன். நடுப்பாத்தியில் தொடை மூழ்க நின்றது அது. அட்டை தண்ணீருக்குள். அது நகர்ந்து மேடான இடத்துக்கு வருவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் வரப்பில் குப்புறப் படுத்திருந்தாள். உப்பு வாரும் பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, வழியை மாற்றி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். சொல்லாமலே புரிந்திருந்தது அவர்களுக்கு.

வெயில் ஏறுவதற்குள் இருநூற்றுச் சொச்சம் படம் கிடைத்தது. அதில் பதினொன்றில் எழுத்து தெரிந்தது. முதல் எழுத்து J, இரண்டாவது 4. மூன்றாவது எழுத்து காலின் வளைவில் திரும்பியிருந்தது.

"C," என்றேன் நான்.

"C மாதிரி இருக்கு. G-யாட்டும் இருக்கலாம்."

"இதுல என்ன சந்தேகம்? C தான் ஸ்மைலி. எனக்கே தெரியுது."

"உங்களுக்கு C வேணும்னு இருக்கு. அதனால தெரியுது," என்றாள், கோபமில்லாமல். பெனின் சாருக்கு அனுப்பும்போது, மூன்றாம் எழுத்து உறுதியில்லை, C அல்லது G என்று எழுதி, பதினொரு படத்தையும் சேர்த்து அனுப்பினாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை பாடுபட்டுவிட்டு, கடைசி எழுத்தில் தெரியாது என்று எழுதுவதா.

மார்ச் நடுவில் பெனின் சார் பரிசோதனை நிலையத்துக்கே வந்தார். நானும் அவளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். அட்டை மாட்டியவர்களிடமிருந்து போனில் வந்த மெயிலைத் தமிழில் சொன்னார். J4C என்ற அட்டை அவர்கள் கணக்கில் சேதமாகி, எந்தப் பறவைக்கும் மாட்டாமல் விடப்பட்டது. அப்படி மட்டும் எழுதியிருந்தால் தவறான பதிவு என்று தள்ளியிருப்பார்கள். இரண்டு எழுத்தையும் எழுதியதால் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். J4G. இரண்டு கோடைக்கு முன்னால், சைபீரியாவில் ஒரு சதுப்பு நிலத்தில் மாட்டியது. அதற்குப் பிறகு அதை உலகத்தில் வேறு யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை.

"அடுத்த சீசன் கணக்கெடுப்புல மணக்குடி காயல், புத்தளம், ரெண்டுக்கும் நீங்கதான் பொறுப்பு," என்றார் பெனின் சார். "மத்தவங்களுக்கும் இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கணும்."

ஸ்மைலின் கையுறையைக் கழற்றிவிட்டு போனை வாங்கினாள். மெயிலின் கீழே இருந்த அட்டவணையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இறக்கை நீளம், அலகு நீளம், எடை. எடையில் விரல் நின்றது.

"இருநூத்தி நாப்பத்தாறு கிராம்," என்றாள். "அன்னைக்கு ஒருத்தரு அதை உள்ளங்கையில வச்சு நிறுத்திருக்காரு, பாத்தியளா."

வெளியே ஓர் அம்மா சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து நின்றார். ஸ்மைலின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, "வாருங்கம்மா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நானும் பெனின் சாரும் வாசலில் நின்றோம். அவர் ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டார். போனோம். டீ வரும்வரைக்கும் இரண்டு பேரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.