காவலை விட்டுப் போனவன்

மலைக்கோயிலில் கல்யாணம் பதிவு செய்ய ஆதார் நகல் கேட்டார்கள். தமயந்தி வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கே, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பிரேம்குமார் வந்தான். அவள் அட்டையை வாங்கவில்லை. காலையில் வீட்டுக்கு வந்த ராணுவக் கடிதத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"படி பாவா. சத்தமா."

அவன் கண்ணால் மட்டும் படித்தான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, எல்லையில் பிரேம்குமார் வேலை பார்த்த குதிரைப்படைச் சாவடி திடீரென்று தாக்கப்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் அவளுடைய அண்ணன் கங்காதரன். வாயில் காவலை கங்காதரன் தன் இஷ்டத்துக்கு விட்டுப் போனதே காரணம் என்று விசாரணையில் முடிவு செய்திருந்தார்கள்.

"எங்க போனான் எங்கண்ணன்?"

"ஒரு குதிரைக்கு வயித்து வலி. படுக்க விட்டா செத்துடும், நடத்திக்கினே இருக்கணும். அதான்..."

"யாரு குதிரை?"

"மேஜர் சாரோடது."

"காவல்ல நிக்கிறவன் தானா போயி மேஜர் குதிரைய நடத்துனானா?"

அவன் கடிதத்தை மடித்தான்.

"அவரு அவன போகச் சொன்னது உன் காதுல விழுந்துச்சு. இல்ல?"

"ஆங். வாயால சொன்னாரு, எழுத்துல இல்ல. அவர எதிர்த்தா என் வேலை போயிடும் தமயந்தி. விசாரணைல, என் காதுல எதுவும் விழலன்னு கையெழுத்து போட்டேன்."

"அந்த ஆளு இப்ப?"

"கர்னல் ஆயிட்டாரு."

அவள் ஒரு வெள்ளைத்தாளை அவன் முன் தள்ளினாள். "நடந்தத அப்படியே ராணுவத்துக்கு எழுது."

"கல்யாணம் ஆகட்டும், அப்புறமா..."

"எழுதாம கல்யாணமா? வெக்கமா இல்ல?"

வரிசையில் நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். "யம்மா, எனக்கு ரெண்டே காப்பி."

"இருங்க நைனா. இவரு ஆறு மாசமா எழுதாதத இப்பதான் எழுதறாரு."

அவன் எழுதினான். தபால் நிலையம் வரை கூடவே நடந்து, கடிதம் அனுப்பும் வரை நின்றாள்.

"இப்பவாவது நாள் குறிக்கலாமா?" என்றான் வெளியே வந்து.

"நீ பயந்தத கூட விட்டுடுவேன். போன வாரம் சோறு போட்டுக்கினே எங்கம்மா, 'கடைசியா எம்புள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தான்'னு கேட்டுச்சே. 'தெரியாது அத்தை'ன்னுட்டு இன்னொரு கரண்டி கொழம்பு கேட்ட."

அவன் தலை குனிந்தான்.

"வா. எங்கம்மாகிட்ட உன் வாயால சொல்லு. அடிச்சாலும் வாங்கிக்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அம்மையார்குப்பம் பஸ் வந்தது. அவளுக்குப் பின்னால் அவனும் ஏறினான். பக்கத்து இருக்கையில் அவள் தன் பையை வைத்துக்கொண்டாள்.