அத்தானுக்கு இன்னும் இரண்டு வருடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வக்காலத்தில் தொடங்கியது. விமானிகளின் ஓய்வு வயதை அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழாக்க வேண்டும் என்று பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் என் அக்காவின் கணவர். அத்தான் விமானத்தில் கேப்டன். அடுத்த மாதம் அறுபத்தைந்து.

“உனக்கென்ன, உக்காந்த இடத்துல செய்யுற வேலைதானே” என்றார். அவர் வேலையும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

2

‘அனுபவம் என்பது வானத்தைப் போல...’

(அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் ஓய்வு கொடுக்க வேண்டும்.)

கம்பெனிக்காரர்கள் அனுபவம் அனுபவம் என்று உருகுகிறார்கள். புதியவர்களைப் பழக்காமல் விட்டதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். எதிர்க்கிறவர்கள் பயணிகளின் உயிர் என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். கண் என்னவோ கேப்டன் சீட்டின் மேல். பயணிகளை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்பார்கள்.

3

சாப்பிடும்போது அத்தானே வேடிக்கையாகச் சொன்னது இது. தரையிறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலைத் துணை விமானி ஒவ்வொன்றாக வாசிக்க, கேப்டன் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நேற்று துணை விமானியாக இருந்த பெண் ‘பிளாப்’ என்று வாசித்து முடிப்பதற்குள் இவர் “முழுசா விரிஞ்சிருக்கு” என்றாராம். வேகம் குறைந்தும் விமானம் தாங்கி நிற்க இறக்கையின் பின்னால் விரிகிற பகுதி அது. விரியவில்லை. விரிக்கச் சொல்லவே இவர் மறந்திருந்தார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டது.

“அவ அதையே மறுபடி வாசிச்சா. அப்பத்தான் பார்த்தேன். சூட்டிகையான பொண்ணு.”

“அப்புறம்?” என்றாள் அக்கா.

“அப்புறமென்ன, ஒழுங்கா இறங்கிட்டோம். ‘சார், இதை நீங்க ஆபீஸுக்கு எழுதிக் குடுக்குறீங்களா, நான் எழுதட்டுமா’ன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

4

முடிவு அ: அவரே எழுதிக் கொடுக்கிறார். (அத்தானைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சுவரில் காரை இடித்துவிட்டு, சுவர் கட்டியவனைத் திட்டிய மனிதர்.)

முடிவு ஆ: அவள் எழுதுகிறாள். விசாரணை முடியும்வரை அத்தான் வீட்டில். சட்டம் மாறினாலும் அந்த இரண்டு வருடம் அவருக்கில்லை. அடுத்து கேப்டனாக வேண்டியவள் அவள்தான் என்பதால், சீட்டுக்காகப் போட்டுக்கொடுத்தாள் என்பார்கள். அப்படிப் பேசுகிற வாய்களும் அவள் ஓட்டும் விமானத்தில் ஏறி நிம்மதியாகக் குறட்டை விடும்.

முடிவு இ: யாரும் எழுதவில்லை. அடுத்த தடவை பக்கத்தில் இருப்பவன் மறுபடி வாசிக்காமல்...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

5

அத்தானின் போன் அடித்தது. அவள்தான். அத்தான் அதை என் பக்கம் தள்ளினார்.

“குளிக்கிறார்னு சொல்லு.”

ஒரு விமானம் நிறைய ஆட்களைச் சுமக்க இன்னும் இரண்டு வருடம் கேட்கிற மனிதருக்கு, ஒரு போனை எடுக்கத் தைரியமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறதா? நான் வெறும் எழுத்தாளன், எங்கள் சாதிக்கு வசனம்தான் வரும். இந்தாருங்கள் வாசகரே, இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீர்களே, நீங்கள் பேசுங்கள்.

“ஹலோ, சார் இருக்காரா?” என்கிறாள்.

அத்தான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.